கச்சான் மூட்டைக்கு ஓர் ஆய்வுகூடம்: திறந்த மடல்

வடமாகாண விவசாய, கைத்தொழில் அதிகாரிகளுக்கும், யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம்.

வன்னிக்கு முதலீட்டாளரை அழைக்கும்போது காணியையும் ஏ9 வீதியையும் காட்டுகிறோம். காணி எங்கும் உண்டு. உணவு பதனிடும் தொழில் ஓரிடத்தில் வேர்விட, சோதனைக்குக் கொடுத்த உணவு மாதிரியின் முடிவு இரண்டு நாளில் கைக்கு வர வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இருக்கின்றன. வவுனியா பம்பைமடுவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. இவற்றின் அறிவு வாசற்படி தாண்டிச் சிறு உற்பத்தியாளரிடம் வந்தால், அதுதான் இந்த மண்ணின் பலம். எங்கள் மாதிரிகளைச் சோதித்துத் தரும் ஆய்வுகூடம் ஒன்றை இங்கே திறக்கக் கேட்டே இம்மடல்.

முல்லைத்தீவுக் கச்சானையே (நிலக்கடலை) பாருங்கள். பிடுங்கும்போது 35 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கும். சேமித்து வைக்கப் பருப்பின் ஈரம் 7 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். கோதோடு குலுக்கிப் பார்த்து, கலகலத்தால் காய்ந்துவிட்டது என்று கட்டிவிடுவது வழக்கம். 10 சதவீதத்திலும் அது கலகலக்கும். உள்ளே பிளாஸ்ரிக் உறையுள்ள உரப்பையில் கட்டிச் சீமெந்துத் தரையில் அடுக்கினால் அடிமூட்டை வியர்க்கும். அதிலிருந்து கெட்டுப்போன ஒரு பருப்பை எடுத்து இரண்டாகப் பிளந்தால், நடுக்குழியில் மஞ்சட்பச்சைப் பூஞ்சணம் தெரியும். அது விடும் நஞ்சுதான் அஃப்லரொக்சின். வறுத்தாலும் முழுதாகப் போகாது.

நேரடியாக உண்ணும் கச்சானில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பது கிலோவுக்கு 4 மைக்ரோகிராம், அதாவது ஒரு தொன்னில் 4 மில்லிகிராம். கண்ணுக்கும் மூக்குக்கும் பிடிபடாத அளவு. அதுவும் சமனாகப் பரவியிருக்காது, கெட்ட சில பருப்புகளில்தான் குவிந்திருக்கும். மேல்மூட்டையில் ஒரு பிடி அள்ளி எடுத்த அறிக்கை எதற்கும் உதவாது. பெரிய தொகுதி என்றால் 100 இடங்களில் 200 கிராம் வீதம் 20 கிலோ எடுத்து, அரைத்துக் கலந்த பின்பே சோதிக்க வேண்டும். இதை 300 கிலோமீட்டருக்கு மேல் கொழும்புக்கு அனுப்பி, முடிவு வரும்வரை சரக்கை முடக்கி வைப்பது சிறு உற்பத்தியாளருக்குக் கட்டுபடியாகாது.

எனவே முதலில் ஈரப்பதனையும் நீர்ச்செயற்பாட்டையும் (பூஞ்சணம் பயன்படுத்தக்கூடிய நீர் உணவில் எவ்வளவு என்று காட்டும், 0 முதல் 1 வரையான அளவு) அளக்கும் வசதியைத் திறவுங்கள். செலவு குறைவு, முடிவு நிமிடங்களில். நீர்ச்செயற்பாடு 0.70க்குக் கீழே என்றால் பூஞ்சணத்துக்குப் பெரும்பாலும் வழியில்லை. உளுந்துக்கும் ஒடியல் மாவுக்கும் முருங்கையிலைத் தூளுக்கும் இதே அளவீடு பயன்படும். அஃப்லரொக்சினும் நுண்ணுயிர்ச் சோதனையும் அடுத்த படி.

கருவி வாங்குவது இலேசு, ஓட வைப்பதுதான் பாடு. அஃப்லரொக்சினை அளக்கும் எச்.பி.எல்.சி. கருவிக்குக் கரைப்பான்களும், ஒப்பிட்டு அளக்க உதவும் நியமக் கரைசலும் திகதி முடிய முடிய வாங்க வேண்டும். இடையில் மின்சாரம் போனால் ஓடிக்கொண்டிருந்த மாதிரிகள் பழுது. யூ.பி.எஸ்.சும் ஜெனரேற்றரும் இல்லாமல் தொடங்க வேண்டாம். திட்டப் பணத்தில் வரும் கருவிகள் திட்டம் முடிந்ததும் நின்றுபோவதற்குக் காரணம், பராமரிப்புப் பணமும் நிரந்தரத் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் ஒதுக்கப்படாததே. கட்டணத்தில் ஒரு பங்கு ஆய்வுகூடத்தின் தனிக் கணக்கிலேயே சேரட்டும்.

வெளிநாட்டுக் கொள்வனவாளர் கேட்பது, சோதனைக் கூடங்களின் தகைமைக்கான சர்வதேச நியமமான ஐ.எஸ்.ஓ. 17025 அங்கீகாரம். அது ஆய்வுகூடம் முழுவதற்கும் ஒரேயடியாக வருவதில்லை, ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியே வாங்கலாம். அஃப்லரொக்சின் ஒன்றுக்கே முதலில் விண்ணப்பியுங்கள்.

மாதிரியை வாங்க வாசலில் ஒரு மேசையும், தமிழில் எழுதிய விலைப்பட்டியலும், முடிவு தரும் திகதி குறித்த ரசீதும் வேண்டும். மாதிரி தருபவரின் தயாரிப்பு முறையை வெளியே சொல்லமாட்டோம் என்ற எழுத்துறுதியும் வேண்டும். இது இல்லாததால் பலர் உள்ளே வரவே தயங்குகிறார்கள். 200 கிலோ கொள்ளும் ஓர் உலர்த்தியை நாள் வாடகைக்கு விட்டால், மாரி பிந்திப் பெய்யும் ஆண்டில் தறப்பாளுக்குக் கீழே அவிந்துபோகும் கச்சானைக் காப்பாற்றலாம்.

காலபோகக் கச்சான் பிடுங்கத் தொடங்குமுன் அந்த மேசையையாவது போட்டுத் தாருங்கள்.

இப்படிக்கு,
வன்னியின் சிறு உணவு உற்பத்தியாளரும் ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரும்