ராஜாவை விட்டுவிட்டுக் கூட்டத்தை எடுத்தவர்

பாரீஸ்
ஏப்ரல் 2014

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்தது. ஸ்டுடியோ டார்க் ரூமைக் காலி செய்து அந்த இடத்தில் உன் பையன் ஜெராக்ஸ் மெஷின் போட்டுவிட்டான் என்று படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. தங்கச்சிக்கு படம் கழுவுகிற அந்த ஹைப்போ மருந்து நாற்றம் தொலைந்ததில் சந்தோஷமாகத்தான் இருக்கும், கல்யாணமான நாளிலிருந்து திட்டிக்கொண்டிருந்தது. படம் பெரிதாக்குகிற அந்த என்லார்ஜரை மட்டும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதே, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

ப்ரெஸ்ஸோன் ப்ரெஸ்ஸோன் என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்களே, நேரில் பார்த்தால் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். நல்ல நேரத்தில் கேட்டாய். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் செத்துப் பத்து வருஷம் ஆகிறது என்று இங்கே போம்பிடு சென்டர் மியூசியத்தில் பிப்ரவரியிலிருந்து பெரிய கண்காட்சி நடக்கிறது. ஜூன் 9 வரைக்கும் உண்டு. போன வாரம் பெரியவள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கூட வரமாட்டேன், நீங்கள் ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் அரை மணி நேரம் நிற்பீர்கள் என்று என்னைத் தனியாக அனுப்பிவிட்டாள். புத்திசாலிப் பெண்.

கட்டடத்தை நீ படத்தில் பார்த்திருப்பாய், தண்ணீர்க் குழாய், ஏசி குழாய், எஸ்கலேட்டர் எல்லாவற்றையும் வெளியே மாட்டி வைத்திருப்பார்கள். கண்காட்சி ஆறாவது மாடியில். கீழே வாசலில் க்யூ, மேலே ஹாலுக்கு முன்னால் இன்னொரு க்யூ. உள்ளே போனால் படம், ஓவியம், டிராயிங், சினிமா, பழைய பத்திரிகை என்று எல்லாம் சேர்த்து 500க்கு மேல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது அதிகம். பாதிக்கு மேல் கண் மரத்துப்போய்விடுகிறது. ஆனால் அந்த முதல் பாதி இருக்கிறதே!

முதல் ஆச்சரியம் சைஸ். நாம் இந்தப் படங்களையெல்லாம் புத்தகத்திலும் காலண்டரிலும் முழுப் பக்கத்துக்குப் பார்த்துப் பழகியவர்கள். கண்காட்சியை அமைத்த க்ளெமாங் ஷெரூ என்பவர், முடிந்தவரை அந்தந்தக் காலத்திலேயே போட்ட பிரிண்டுகளைத் தேடிப்பிடித்து மாட்டியிருக்கிறார். 1930களின் பிரிண்ட் பல உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். பேப்பர் லேசாகப் பழுத்திருக்கிறது, கறுப்பு முழுக் கறுப்பாக இல்லை, சாம்பலும் பழுப்பும் கலந்த மாதிரி. ஒரு படத்தை ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் பார்க்க முடியும், மூன்றாவது ஆள் தோளுக்கு மேல் எட்டிப்பார்க்க வேண்டும். நான் மூக்கு படத்தின் கண்ணாடியில் படுகிற தூரத்துக்குப் போனதும் காவலுக்கு நின்ற பெண் தொண்டையைக் கனைத்தாள். நம் மாஸ்டர் பார்த்திருந்தால் இதில் பாதியை, கான்ட்ராஸ்ட் போதாது, திரும்பப் போடு என்று கிழித்திருப்பார்.

சென் லசார் ஸ்டேஷனுக்குப் பின்னால் 1932ல் எடுத்த அந்தக் குட்டை தாண்டுகிற ஆள் படமும் இருக்கிறது. ஆள் அந்தரத்தில், குதிகால் தண்ணீரைத் தொட ஒரு விரற்கடை பாக்கி. பின்னால் சுவரில் ஒட்டிய போஸ்டரில் ஒரு நடனக்காரி அதே மாதிரி எதிர்ப்பக்கமாகத் தாவுகிறாள். இதை வைத்துத்தானே "அந்த ஒரு கணம்" என்று எல்லா கேமரா கிளப்பிலும் பாடம் எடுத்தார்கள், நீயும் உன் பையன்களுக்கு எடுத்தாய். ஆனால் வேலியில் பலகை இடுக்கு வழியாகத் தன் லைக்கா கேமராவை நீட்டி எடுத்த படம் அது, இடப்பக்கம் பலகை மறைத்துவிட்டதால் பிறகு வெட்டியிருக்கிறார். ஃப்ரேமை வெட்டவே கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொன்ன மனுஷனுடைய ரொம்பப் பிரபலமான படமே வெட்டின படம். எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம், ஏனென்று உனக்குத் தெரியும்.

ஷெரூ சொல்ல வருவது, இவர் ஒரே ஆள் இல்லை, மூன்று ஆள் என்று. முதலில் ஓவியம் படித்துவிட்டு கனவு மாதிரி விசித்திரமாக வரைகிற, எழுதுகிற சர்ரியலிஸ்டுகளோடு காபிக் கடையில் உட்கார்ந்து வந்த பணக்காரப் பையன். பிறகு 1936லிருந்து இடதுசாரிப் பத்திரிகைக்குப் படமெடுத்து, டைரக்டர் ழான் ரெனுவாரிடம் சினிமா உதவியாளாகவும் இருந்தவர். அப்புறம் 1947ல் யுத்தப் படக்காரர் ராபர்ட் காப்பாவோடும் மற்றவர்களோடும் சேர்ந்து மேக்னம் என்ற போட்டோ ஏஜென்சியை ஆரம்பித்து உலகம் சுற்றியவர். எல்லோரும் மூன்றாவது ஆளைத்தான் கும்பிடுகிறார்கள். எனக்கு இப்போது இரண்டாவது ஆள்மேல் ஒரு கண்.

அந்த அறையில்தான் நான் ரொம்ப நேரம் நின்றேன். 1937 மே மாதம், லண்டனில் ஆறாம் ஜார்ஜுக்குப் பட்டாபிஷேகம். பாரீசிலிருந்து 'ஸ் சுவார்' என்ற கம்யூனிஸ்ட் பத்திரிகை இவரை அனுப்புகிறது. போனவர் ராஜாவை எடுக்கவில்லை! ஊர்வலத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, வேடிக்கை பார்க்க வந்த சனத்தை எடுத்திருக்கிறார். முன்னால் நிற்பவர்கள் மறைப்பதால் கையில் கண்ணாடியைத் தூக்கிப்பிடித்து, திரும்பி நின்று அதில் ராஜா தெரிகிறாரா என்று பார்க்கிறார்கள் சிலர். டிரஃபால்கர் ஸ்கொயர் படம் ஒன்று: கட்டைச் சுவர்மேல் வரிசையாக நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லோர் கண்ணும் ஒரே பக்கம், கீழே கசங்கிய பேப்பர் குப்பை, அந்தக் குப்பை நடுவில் ஒரு ஆள் கோட்டு சூட்டோடு படுத்து அசந்து தூங்குகிறான். ராத்திரியே வந்து இடம் பிடித்திருப்பான், ராஜா வரும்போது தூங்கிவிட்டான் போல. நாம் எத்தனை கும்பாபிஷேகம் எடுத்திருப்போம், கலசத்தை விட்டுக் கேமராவைத் திருப்பத் தோன்றியதா? தோன்றியிருந்தாலும் கமிட்டிக்காரர் காசு கொடுத்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

இந்தக் கண்ணோடு மறுபடி பார்க்க ஆரம்பித்ததும் முதுகுகளாகத் தெரிகிறது மாப்ளே. மார்ன் நதிக்கரை என்று பெயர் பெற்ற 1938ஆம் வருஷத்துப் படம் ஞாபகம் இருக்கிறதா? சரிவான புல் கரையில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும் குடும்பம், எல்லோரும் நமக்கு முதுகு காட்டி, ஒரு தொப்பிக்காரர் கிளாசில் வைன் ஊற்றுகிறார், கீழே படகு. புத்தகத்தில் பார்த்தபோது அழகான பிக்னிக் படம் என்று புரட்டிவிட்டேன். 1936ல்தான் பிரான்சில் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் லீவு என்று சட்டம் வந்தது, அதற்கப்புறம்தான் இந்த மாதிரி ஆட்கள் நதிக்கரைக்கு வந்து சாவகாசமாகக் கால் நீட்ட முடிந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், பட்டன் தெறிக்கிற மாதிரி இருக்கும் அந்தப் பெரிய முதுகுகளின் நிம்மதி வேறு மாதிரி தெரிகிறது. 1948ல் ஸ்ரீநகரில், ஹரி பர்பத் சரிவில் நிற்கும் காஷ்மீரிப் பெண்கள் படத்திலும் முதுகுதான் அதிகம். முகமே இல்லாமல் ஒரு ஆளைச் சொல்லிவிட முடியும் என்று போர்ட்ரெயிட்டில் காலம் தள்ளிய நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

யுத்தக் கதை உனக்குத் தெரிந்ததுதான். 1940ல் ஜெர்மன்காரன் பிடித்தான், இரண்டு தடவை தப்பப் பார்த்து மூன்றாவது தடவை 1943ல் தப்பித்தார், பிடிபடுவதற்கு முன் புதைத்து வைத்த லைக்காவைப் போய்த் தோண்டி எடுத்தார். செத்துவிட்டார் என்று நினைத்து நியூயார்க் நவீனக் கலை மியூசியம் அஞ்சலிக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்ய, 1947ல் அவரே போய் அதில் கூட இருந்தார்!

இப்போது காந்தி. அந்த நியூயார்க் கண்காட்சியின் கேட்டலாகைத்தான் 1948 ஜனவரி 30 அன்று டெல்லி பிர்லா ஹவுசில் காந்தியிடம் காட்டியிருக்கிறார். காந்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, கவிஞர் போல் க்ளோதெல் பக்கத்தில் சவ வண்டியோடு இருக்கும் படத்தில் நிறுத்தி, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாராம். வாழ்வும் சாவும் பற்றி யோசிக்கிற கவிஞர் இவர் என்று சொன்னதும், சாவு என்ற சொல்லையே காந்தி திரும்பத் திரும்பச் சொன்னதாக ப்ரெஸ்ஸோன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விடைபெற்றுக் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் செய்தி வந்துவிட்டது, ஓடித் திரும்பியிருக்கிறார். அந்த இருட்டில் எடுத்ததுதான் நேரு கேட்டில் ஏறி நின்று கூட்டத்துக்குச் செய்தி சொல்லும் படம். மேலே விளக்கு வெள்ளையாய் வழிகிறது, முகங்கள் ஆடியிருக்கின்றன, ஃபோகஸ் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. ப்ளாஷ் போடுவதே மரியாதைக் கேடு என்று நினைத்தவர், போடவில்லை. அன்று ராத்திரி அதே வீட்டில் ப்ளாஷ் போட்டுப் படம் எடுத்ததற்காக அமெரிக்கப் புகைப்படக்காரி மார்கரெட் பூர்க்-வைட்டை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். மறுநாள் தகனத்திலும் இவர் கேமரா அழுகிற முகங்களையும் முட்டி மோதுகிற கைகளையும்தான் தேடியிருக்கிறது. லண்டனில் கற்றுக்கொண்டது டெல்லியில் உதவியிருக்கிறது என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

மாசாமாசம் கிரிவலம் போகிறவன் நீ, உனக்கு இதையும் சொல்ல வேண்டும். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களில் இவரும் இவருடைய மனைவி ரத்னா மோகினியும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். ரத்னா ஜாவாவைச் சேர்ந்த நடனக்காரர். ஏப்ரல் 14 ராத்திரி, வானத்தில் நீள வாலோடு ஒரு எரிநட்சத்திரம் மெதுவாக மலைப் பக்கம் போனதைப் பார்த்து வாட்சைப் பார்த்தேன், 8.47, உடனே ஆசிரமத்துக்கு ஓடினேன், அந்த நிமிஷம்தான் மகரிஷி போயிருந்தார் என்று ப்ரெஸ்ஸோன் சொன்னது ஆசிரமத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதே மாதம் பாண்டிச்சேரியில் அரவிந்தரையும் எடுத்திருக்கிறார். பல வருஷமாகக் கேமராவுக்கு முன் உட்காராத மனுஷர், அந்த டிசம்பரில் காலமாகிவிட்டார். திருவண்ணாமலையில் நட்சத்திரத்தைப் பற்றி இத்தனை பேசுகிறோம், கையில் லைக்கா இருந்தும் அவர் முதலில் பார்த்தது வாட்சை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நிருபர் புத்தி.

கடைசி அறைகள் எனக்கு ஒட்டவில்லை. அறுபதுகளின் படங்கள் சுத்தமாக இருக்கின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் பிரச்சினை. அவருக்கே அலுத்துப்போயிருக்க வேண்டும், எழுபதுகளில் கேமராவைக் கிட்டத்தட்ட மூட்டை கட்டிவிட்டுப் பென்சிலை எடுத்துவிட்டார். டிராயிங்குகளும் வைத்திருக்கிறார்கள். மரியாதையாகப் பார்த்துவிட்டு வந்தேன்.

வெளியே வந்ததும் பசி உயிர் போயிற்று. மெட்ரோ பிடித்து லா ஷப்பெல் போய் யாழ்ப்பாணத்தார் கடை ஒன்றில் கொத்துரொட்டி சாப்பிட்டேன். கல்லாவில் இருந்த தம்பி என் பையிலிருந்த கேட்டலாகைப் பார்த்து என்ன அண்ணை என்று கேட்க, புரட்டிக் காட்டினேன். ஷாங்காயில் 1948 டிசம்பரில் ஆளுக்கு 40 கிராம் தங்கம் தருகிறார்கள் என்று பேங்க் வாசலில் ஒருவரை ஒருவர் இறுக்கிப் பிடித்து நசுங்கும் கூட்டத்தின் படத்தில் அவன் நிறுத்திக்கொண்டான். வெகுநேரம் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, டீக்குக் காசு வாங்கவில்லை.

கேட்டலாக் உனக்குத்தான். செங்கல் கனம், தபாலில் போட்டால் புத்தக விலையை விடக் கூலி அதிகம், அதனால் ஆகஸ்டில் நானே கொண்டு வருகிறேன். முழங்கால் ஆபரேஷன் என்ன ஆயிற்று? டாக்டர் சொன்னதை எழுது, உன் அபிப்பிராயத்தை எழுதாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். என்லார்ஜர் பத்திரம்.

அன்புடன்,
உன் பழைய டார்க் ரூம் கூட்டாளி