தினசரி மடக்குக்கத்தி: தம்பிக்கு என் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில், தினமும் கூடவே வைத்துக்கொள்ள எந்த மடக்குக்கத்தி வாங்கலாம் என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருந்தார். எஃகு கடினமாக இருக்க இருக்க நல்லது, கருவிகள் கூடக்கூட லாபம் என்று பதில் வந்திருந்தது. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. சந்தூரில் மாங்கன்று நர்சரி நடத்துகிறேன். ஒட்டுக்கட்டுவது தொழில். காலையில் சுருக்குப்பையில் போடும் கத்தியை ராத்திரிதான் எடுத்து வைப்பேன்.

ஒட்டுக்கத்தியையே தினசரிக் கத்தியாக வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். கூடாது. ஒட்டுக்கத்தியின் வாய்க்கு ஒரு பக்கம்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. அப்படி இருந்தால்தான் ஒட்டுக்குச்சியைச் சீவும்போது மேடு பள்ளம் இல்லாத வெட்டு கிடைக்கும். குச்சியையும் வேர்ச்செடியையும் பொருத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவில் கீற்றுகூடத் தெரியக்கூடாது. தெரிந்தால் அந்த ஒட்டு பிடிப்பது சந்தேகம். அதே கத்தியால் ஒரு முற்றின காயை நறுக்கினால் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். வலது கைக்காரருக்குத் தீட்டியது இடது கைக்காரருக்கு ஒத்துவராது. சாக்குத் தையல் பிரிக்க, பார்சல் திறக்க, சணல் அறுக்க, பழம் வெட்ட என்றால் இரண்டு பக்கமும் சரிவுள்ள சாதாரண வாய்தான் வேண்டும். பல்பல்லாக இருக்கும் ரம்ப வாய் நைலான் கயிற்றை நன்றாக அறுக்கும், ஆனால் மழுங்கினால் தட்டையான கல்லில் தீட்ட முடியாது.

இப்போது எஃகு. கடின எஃகு ரொம்ப நாள் கூர் தாங்கும், அதை மறுக்கவில்லை. டி2 என்று போட்டு விற்கும் கத்திகள் அந்த ரகம். மழுங்கியபிறகுதான் சிரமம் தெரியும். வீட்டில் இருக்கிற கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்குமே தவிர, வாய் சீக்கிரம் ஏறாது. வைரத்தூள் பதித்த தீட்டும் தகடு வாங்க வேண்டி வரும். சுவிஸ் விக்டரினாக்ஸ் கத்தியின் எஃகு அவ்வளவு கடினமில்லை, கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 56-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. சீக்கிரம் மழுங்கும். ஆனால் சாயங்காலம் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்ப ஏறிவிடும். புதிதாகக் கத்தி வைத்துக்கொள்பவருக்கு, தானே தீட்டிக்கொள்ளக்கூடிய எஃகுதான் நல்ல எஃகு.

பிரான்சின் ஒப்பினல் கத்தி கார்பன் எஃகிலும் வருகிறது. எட்டாம் நம்பருக்கு அலகு எட்டரை சென்டிமீட்டர், எடை கையில் தெரியாது, கூர் அபாரம். மாம்பால் பட்டால் மட்டும் உடனே கருக்கும். கருப்பதால் கெடுதல் இல்லை. செம்மண் நிறத்தில் பூத்தால்தான் துரு. துடைத்துவிட்டு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். பிடி பீச் (beech) மரம் என்பதால் அடைமழை நாளில் மரம் ஊறி, கத்தி திறக்க மறுக்கும். ஈரத்திலேயே புழங்குபவர்கள் இதை யோசித்து வாங்க வேண்டும்.

கருவிகள் விஷயத்துக்கு வருகிறேன். 1891-ல் சுவிஸ் படைவீரர்களுக்குக் கொடுத்த கத்தியில் இருந்தவை நான்கே: அலகு, துளையூசி, டப்பா திறப்பான், திருப்புளி. துப்பாக்கியைக் கழற்றத் திருப்புளி, டப்பா உணவுக்குத் திறப்பான். அவர்கள் வேலை கேட்டது அவ்வளவுதான். தம்பியும் தன் ஒரு நாளில் எதை எதை வெட்டுகிறார் என்று முதலில் பார்க்கட்டும். கூடுதல் கருவி ஒவ்வொன்றும் கனம்தான். கனமான கத்தியை இரண்டு நாள் சுமந்துவிட்டு மூன்றாம் நாள் அலமாரியில் வைத்துவிடுவோம். தேவைப்படும் நேரத்தில் அது கையில் இருக்காது.

கடையில் வாங்கினால் கட்டாயம் திறந்து பாருங்கள். திறந்த கத்தியின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் அசையக்கூடாது. மூடினால் முனை பிடிக்குள் முழுவதும் மறைய வேண்டும், இல்லையென்றால் பைக்குள் கைவிடும்போது விரலைக் கிழிக்கும். நகம் வைத்துத் திறக்கும் பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று ஈரக்கையால் சோதிக்க வேண்டும். பூட்டு உள்ள கத்தி, குத்தித் துளையிடும்போது விரல்மேல் மடங்காது. பூட்டில்லாததை இழுத்து வெட்ட மட்டும் பயன்படுத்துங்கள். பிடி சிவப்போ மஞ்சளோ நல்லது. கறுப்புக் கத்தி மாந்தோப்புச் சருகில் விழுந்தால் தேடி எடுக்க முடியாது. கால்சட்டைப் பையில் மாட்டும் கிளிப்பைப் பெரிய வசதியாக எழுதியிருந்தீர்கள். புடவை கட்டி வேலை செய்யும் எங்களுக்கு அது புடவையையும் பையையும் கிழிக்கும் ஒரு கொக்கி. பிடியின் நுனியில் கயிறு கோக்க ஓட்டை இருந்தால் அதுதான் எங்களுக்கு உதவும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். 2016 ஆயுத விதிகளின்படி, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதக் கணக்கில் வரும், அரசு அறிவித்த பகுதிகளில் அதற்கு உரிமம் வேண்டும். வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கென்றே செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. மூன்று அங்குல மடக்குக்கத்தி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்காக எங்கும் கொண்டுபோகலாம் என்று நினைத்துவிடக் கூடாது. விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது, சரக்கில் போடும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். கல்லூரிக்குள் எடுத்துப்போவதற்கு முன் அனுமதி உண்டா என்று தம்பி கேட்டுக்கொள்ளட்டும். பொத்தானை அழுத்தினால் சட்டென்று சீறித் திறக்கும் கத்தி வேண்டவே வேண்டாம். பழம் வெட்ட அது தேவையில்லை, போலீசார் சோதனையில் அதற்கு விளக்கம் சொல்வதும் கஷ்டம்.

இன்னொன்று: உங்கள் பட்டியலில் கத்திகளின் நீளம் என்று கொடுத்திருந்தது பிடியும் சேர்த்த மொத்த நீளம். ஆன்லைன் கடைகளிலும் பலர் அப்படித்தான் போடுகிறார்கள். அடுத்த இணைப்பில் அலகின் நீளத்தையும் எடையையும் தனித்தனியாகப் போட்டால், வாங்குபவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

இப்படிக்கு,
நர்சரி நடத்தும் வாசகி,
சந்தூர், கிருஷ்ணகிரி மாவட்டம்