பென்சில் நோட்டுக்கு நன்றி

முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கான வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்து இரண்டு நாள்தான் ஆகிறது. மனம் இன்னும் அடங்கவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். 2022-ல் உக்ரைன் போர் வந்து ரஷ்யாவுக்குப் போக முடியாமல் போன பிறகு என் ஆய்வு பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் ரஷ்ய அரசு வரலாற்று ஆவணக் காப்பகத்தில் கோப்போடு ஒரு தாள் இருக்கும். படிப்பவர் அதில் பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 1891-ல் ரஷ்யாவின் வோல்கா ஆற்றுப் பகுதியில் வந்த பஞ்சம் பற்றிய ஒரு கோப்பில் 2019-ல் நான் கையெழுத்துப் போட்டபோது, எனக்கு மேலே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. தேதி 1993. அடுத்த தடவை வந்து முழுதாகப் படியெடுத்துக்கொள்ளலாம் என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த தடவை வரவேயில்லை.

வேறு வழி தெரியாமல் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து மின்னஞ்சல் அனுப்பினேன். ஓய்வுபெற்ற பேராசிரியர், ஒரு அம்மா. நான் யாரென்றே அவருக்குத் தெரியாது. நான்காம் நாள் 61 படங்கள் வந்தன. கட்டம் போட்ட பள்ளி நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் அந்த அம்மாவின் கட்டைவிரல். காப்பகம் நேவா ஆற்றங்கரையில் பழைய செனட் கட்டடத்தில் இருந்த காலத்தில், அங்கே உட்கார்ந்து பென்சிலால் வரிக்கு வரி எழுதியது. எழுத்து புரியாத இடத்தில் புள்ளி வைத்திருக்கிறார், ஊகித்து நிரப்பவில்லை. தேதி வந்தால் பழைய ரஷ்ய நாட்காட்டித் தேதி, பக்கத்திலேயே 12 நாள் கூட்டி நம் தேதி. லெபெடா என்ற களையின் விதையை மாவில் கலந்து சுட்ட ரொட்டியைப் பற்றிய பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு குறிப்பு: "ரொட்டித் துண்டு உறையில் இருக்கிறது." கோப்புக்குள் இருந்த அந்த உறையை நானும் கையில் எடுத்திருக்கிறேன். பிரிக்க மனம் வரவில்லை.

என் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த நோட்டின் மேல்தான் நிற்கிறது. கைம்மாறாக என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு, ஆய்வேட்டில் ஒரு பிரதி போதும் என்றார்.

1828 முதல் 1917 வரை ரஷ்யப் பேரரசில் அச்சானவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் ஹெல்சிங்கி ஸ்லாவிய நூலகத்தின் ஊழியர்கள், என் நெறியாளர், கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்காத நண்பர்கள், அப்புறம் அப்பா, அம்மா — எல்லோருக்கும் நன்றி.

இனி எந்தக் கோப்பிலாவது என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர், தயங்காமல் எனக்கு எழுதுங்கள். என்னிடம் இருக்கும் குறிப்பு அத்தனையும் உங்களுக்கும் உரியது, அதே வாரம் அனுப்பிவிடுவேன்.

பைண்டிங் கடையிலிருந்து நேற்று முதல் பிரதி வந்தது. அது அந்த அம்மாவுக்கு.