தோட்டாப் பெட்டியில் இன்னும் இரண்டு எண்கள்

வேட்டைத் தோட்டா தயாரிக்கும் அமெரிக்க நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் இரண்டு முறை உங்களில் ஒருவருக்கு எழுதிவிட்டேன். முதல் தடவை நன்றி சொல்லிப் பதில் வந்தது. இரண்டாம் தடவை ஒரு தொப்பி வந்தது. தொப்பி நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாம் தடவை எழுத உட்கார்ந்தபோது கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்குத் தமிழில்தான் எழுத வரும், மன்னிக்கவும்.

நான் கேட்பது இதுதான். பெட்டியின் மேல் இரண்டு எண்களைச் சேர்த்துப் போடுங்கள். குண்டு சதையில் பட்டதும் முனை பூப்போல மலர்ந்து அகலமாகிறதே, அப்படி விரிவதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேகம் வேண்டும் என்பது ஒன்று. பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை எத்தனை அங்குலக் குழலில் அளந்தீர்கள் என்பது இன்னொன்று.

போன அக்டோபர் கடைசியில், கொலராடோவில் சுமார் 9,000 அடி உயரத்தில் ஒரு பெண் எல்க்கை, அதாவது இங்குள்ள பெரிய மானை, சுட்டேன். 410 கெஜ தூரம். கையில் .308 ரைபிள், மலை ஏற வசதியாக 20 அங்குலக் குழல். தோட்டாவில் 150 கிரெயின் எடையுள்ள முழுச் செம்புக் குண்டு. பெட்டியில் பனிமலைப் படம், அதன் கீழே ‘நெடுந்தூரம்’ என்ற வார்த்தை, பக்கவாட்டில் வேகம் 2,820. அதாவது வினாடிக்கு அத்தனை அடி. காற்று இல்லை, கிடைமட்டமாகப் படுத்து, பையின் மேல் குழலை வைத்துச் சுட்டேன். சுட்டது சரியாகத்தான் பட்டது. எல்க் முதுகை ஒருமுறை வளைத்தது, நான்கு எட்டு நடந்தது, ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள் போய்விட்டது.

பனியில் ரத்தம் தேடியிருக்கிறீர்களா? உங்கள் அலுவலகத்தில் நிச்சயம் வேட்டைக்காரர்கள் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். நுரையீரலில் பட்டு விரிந்த குண்டு என்றால் சிவப்பாக, நுரையோடு, இரண்டு பக்கமும் தெளித்திருக்கும். கண் தெரியாதவனும் பின்தொடரலாம். எனக்குக் கிடைத்தது அரிசி அளவு சொட்டுகள். பத்தடிக்கு ஒன்று, பிறகு இருபதடிக்கு ஒன்று. விழுந்து கிடந்த மரத்தில் உரசிய இடத்தில் ஒரு தீற்றல். அப்புறம் ஒன்றுமே இல்லை. மற்ற எல்க்குகளின் குளம்புத் தடங்களோடு இதன் தடமும் கலந்துவிட்டது. இருட்டும்வரை நானும் பக்கத்து வீட்டுப் பெரியவரும் முழங்காலில் ஊர்ந்தோம். மறுநாள் முழுக்கத் தேடினோம். மூன்றாம் நாள் காலையில் காக்கைகள் காட்டிக் கொடுத்தன, ஒன்றரை மைல் தள்ளி ஓர் ஓடைச் சரிவில்.

கத்தியை எடுத்தபோதே வாடை. வெளியே உறைபனி, ஆனால் எல்க்கின் தோல் கம்பளிபோலச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தொடை எலும்பைச் சுற்றிக் கறி பச்சை தட்டிப்போயிருந்தது. ஒரு விலங்குக்கு மட்டும் செல்லும் என் வேட்டை உரிம அட்டையை அதற்குத்தான் கட்டினேன். அந்த ஆண்டு வேட்டை அதோடு முடிந்தது. விலாவில் இந்தப் பக்கம் ஒரு ஓட்டை, அந்தப் பக்கம் ஒரு ஓட்டை, இரண்டிலும் பென்சில் ஒன்று இறுக்கமாக நுழையும். குண்டு விரியவே இல்லை. தைத்துக்கொண்டு போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, பெரியவரின் வேகமானியில் மூன்று தோட்டா சுட்டுப் பார்த்தேன். என் குழலில் வேகம் 2,700 தான். கணக்குப் போட்டால், அந்த உயரத்தில் 410 கெஜத்தில் சுமார் 1,950. பிறகு உங்களில் ஒருவருக்குத்தான் ஃபோன் செய்தேன். ஃபோனை எடுத்த அம்மா ஐந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லி, திரும்பி வந்து மிகவும் அன்பாகச் சொன்னார்: “அந்தக் குண்டுக்கு 2,000-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது.”

ஆக, எண் உங்களிடம் இருக்கிறது. மேசை இழுப்பறையில் இருக்கிறது. பெட்டியில் இல்லை. சோதனைக் குழல் 24 அங்குலமாம். அதையும் அப்போதுதான் சொன்னார். ஒவ்வோர் அங்குலம் குறையும்போதும் வேகம் இருபது முப்பது அடி குறையும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்று எல்லோரும் குழலைக் குட்டையாக்கிக்கொண்டு போகிறார்கள், அதையும் அறிவீர்கள்.

என் மேல் தப்பே இல்லை என்று சொல்லவில்லை. விசையை இழுத்தது என் விரல். போவதற்கு முன்பே வேகத்தை அளந்திருக்க வேண்டும். 250 கெஜம்வரை ஊர்ந்து போயிருக்கலாம், நேரமும் இருந்தது. பெரியவர் அன்று இரவே கேட்டார்: “மானைப் பார்த்துச் சுட்டாயா, பெட்டியைப் பார்த்துச் சுட்டாயா?” இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆனால் பெட்டியை நம்புவது நான் மட்டுமல்ல, சட்டமும்தான். கொலராடோவில் எல்க்குக்குக் குண்டு 85 கிரெயினுக்குக் குறையக் கூடாது, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் வேண்டும். யார் கணக்குப்படி? தயாரிப்பாளர் கணக்குப்படி. ஆற்றல் இருந்து என்ன பயன், குண்டு விரியாவிட்டால்? சுத்தியலுக்கும் ஊசிக்கும் ஒரே ஆற்றலைக் கொடுக்கலாம்.

செம்புக்கு நான் மாறியது ஈயத் துகள் கறியில் கலந்து பிள்ளைகள் தட்டுக்குப் போகக் கூடாது என்றுதான். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. காண்டார் கழுகுகள் ஈயம் தின்று செத்தது எல்லோருக்கும் தெரியும். நல்லது. ஆனால் செம்பு ஈயத்தைவிடக் கெட்டி, விரிய அதிக வேகம் கேட்கும். எங்களைச் செம்புக்கு வரச் சொல்லிவிட்டு, அது எந்த வேகத்தில் வேலையை நிறுத்தும் என்பதை மட்டும் மறைத்தால் எப்படி?

பெட்டியில் இடம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பனிமலைக்கு இடம் இருக்கிறது. கொம்பு விரித்த ஆண் எல்க்குக்கு இருக்கிறது. காற்றைக் கிழிக்கும் திறனுக்கு எண் போடுகிறீர்கள்; அதிலும் இன்றைய கூர்நீளக் குண்டுக்குப் பொருந்தும் ஜி7 அளவை விட்டுவிட்டு, பழங்காலத் தட்டையடிக் குண்டை வைத்துக் கணக்கிடும் ஜி1 அளவையே பெரிதாகப் போடுகிறீர்கள். காரணம் ஊருக்கே தெரியும், ஜி1 எண் ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும். ஆயிரம் கெஜத்தில் இரும்புத் தகடு ‘டிங்’ என்று ஒலிக்கும் விளம்பரங்களும் அப்படித்தான். தகட்டுக்குக் குண்டு விரிய வேண்டாம். தகடு சரிவில் போய் மூன்று நாள் கிடக்காது. சாதாரண பிஸ்கட்டில் எவ்வளவு சர்க்கரை என்று பொட்டலத்தில் எழுத முடிகிறது. இருபது தோட்டாவுக்கு அறுபது டாலர் வாங்குகிறவர்களால் முடியாதா?

சரி, குரல் உயர்ந்துவிட்டது. உங்களில் சிலர் இந்த வேகத்தை இணையத்திலும் விவரப் புத்தகத்திலும் நேர்மையாகவே எழுதுகிறீர்கள், அவர்களுக்கு நன்றி. ஆனால் கடைக்காரர் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்து நீட்டுவது விவரப் புத்தகத்தை அல்ல. கையில் வருவது பெட்டி. அதில் போடுங்கள்.

என்னிடம் இன்னும் பத்துத் தோட்டாக்கள் மிச்சம். பனிமலைக்கு மேலே, வெறும் நீல வானமாக இருந்த இடத்தில், கறுப்பு மார்க்கரால் நானே எழுதியிருக்கிறேன்: ‘விரிய 2,000. குழல் 24.’ தாராளமாகவே இடம் இருந்தது. அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது அந்த இரண்டையும் நீங்களே சேர்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தொப்பி வேண்டாம்.

இப்படிக்கு,
கொலராடோவிலிருந்து உங்கள் வாடிக்கையாளன்