அண்ணனுக்கு, உள்ளங்கையில் எழுதிய ஓர் எழுத்தைப் பற்றி

அண்ணே,

வர்ற புதன்கிழமை அப்பாவுக்கு வருஷ திவசம். நீ வரப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாயாம். சரி, அதைப் பற்றிப் பேச வரவில்லை. போனை எடுப்பதில்லை, வாட்ஸப்பில் நீல டிக் விழுவதோடு சரி, ஆனால் நான் இங்கே எழுதுவதை மட்டும் விடாமல் படிக்கிறாய் என்று மதினி சொன்னாங்க, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தபந்தமும் படிக்கும். பணத்தைப் பற்றியும், துக்க வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றியும் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரி பெயரும் வேண்டாம்.

அம்மா ஒரு முடிவெடுத்திருக்கிறாள். தனக்குக் கடைசிக் காலத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று இப்போதே எழுதி வைக்க வேண்டுமாம். லிவிங் வில் என்கிறார்களே, அது. உச்ச நீதிமன்றம் 2018லேயே அதற்கு அனுமதி கொடுத்துவிட்டது, ஆனால் மாஜிஸ்திரேட் முன்னால் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று இருந்ததால் சாதாரண ஜனங்களால் முடியவில்லை. 2023இல் அதை எளிதாக்கிவிட்டார்கள், இரண்டு சாட்சியும் ஒரு நோட்டரியும் போதும். தன்னால் பேச முடியாமல் போனால் யார் முடிவு சொல்வது என்று அதில் பெயர் போட வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் போடலாம். அம்மா உன் பெயரையும் என் பெயரையும் சொல்கிறாள். உன் பெயரை முதலில்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், உன்னிடம் ஒரு வருஷமாக மறைத்த ஒன்றைச் சொல்லாமல் உன் பெயரை எழுத முடியாது என்று தோன்றியது.

ஐசியூவில் ஒன்பது நாள். மாஸ்க்கைப் பிடுங்குகிறார் என்று அப்பாவின் இரண்டு கையையும் காஸ் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். உனக்கு வீடியோ காலில் காட்டும்போது நான் போர்வையை இழுத்து அதை மூடிவிட்டுத்தான் காட்டினேன், அது உனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். வலது கை முடிச்சை நர்ஸ் கொஞ்ச நேரம் தளர்த்திவிட்டார். அப்பா என் கையை இழுத்து, உள்ளங்கையில் சுட்டுவிரலால் எழுதினார். மாஸ்க்குக்குள் ஏதோ சொல்லவும் செய்தார், காற்றுச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி எழுதினார். அதே எழுத்து. 'வ', அதற்கு மேலே ஒரு வளைவு. நான் 'வீடா அப்பா?' என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் பெயரும் 'வி'யில்தான் தொடங்குகிறது.

இதைத்தான் ஒரு வருஷமாகச் சொல்லவில்லை. அந்த வளைவில் சுழி இருந்ததா இல்லையா என்று எத்தனையோ ராத்திரி என் கையை நானே தடவிப் பார்த்திருக்கிறேன். அவர் உன்னைக் கேட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் அடுத்தது குழாய் போட்டு வென்டிலேட்டர்தான் என்றார், போட்டால் நோய் குணமாகுமா என்றால் ஆகாது என்றார். நீ போனில் 'போடச் சொல்லு, வெள்ளிக்கிழமை வந்திருவேன்' என்றாய். நான் சரி என்றேன். அரைமணி நேரத்தில், மருத்துவர் பேச்சை மீறிக் கூட்டிப்போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தச் 'சரி' பொய். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், எல்லாரும் படிக்கிற இடத்திலேயே கேட்கிறேன். கூட்டி வந்ததற்குக் கேட்க மாட்டேன்.

மதுரையிலிருந்து வீட்டுக்கு இரண்டு மணி நேரம். கல்லுப்பட்டி தாண்டும்போது அப்பாவின் இரண்டு மணிக்கட்டிலும் கட்டின தடம் சிவப்பாக இருந்தது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே வந்தேன். அந்தத் தடத்தை நீ பார்க்கவில்லை, வெள்ளிக்கிழமை நீ ஃப்ரீசர் பெட்டிக்குள் பார்த்தபோது மாலைதான் இருந்தது.

அன்றைக்கு வாசலில் நின்று 'போதை மருந்து கொடுத்து முடிச்சிட்டா' என்றாயே. அதை நான் மறக்கவில்லை அண்ணே. எலும்பு வலிக்கு ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே மார்ஃபின்தான். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம், கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து, ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து கொடுத்தேன். அளவாகக் கொடுத்தால் மூச்சுத்திணறலின் தவிப்பு குறையும், உயிரைக் குறைக்காது என்று வலி நிவாரணப் பிரிவு டாக்டரம்மா சொல்லித்தான் கொடுத்தேன். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு பயிராகிற அபினிலிருந்து எடுக்கிற மருந்து அது, ஆனால் 1985 போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பயந்து அதை வாங்கி வைக்காத இடங்கள் எத்தனையோ, 2014இல் திருத்தம் வந்த பிறகும் அந்தப் பயம் தீரவில்லை. நீயும் அந்தப் பயத்தில் பேசினாய் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது.

செவ்வாய்க்கிழமை மக்களைத் தேடி மருத்துவத்தில் இருந்து நர்ஸம்மா வந்து முதுகுப் புண்ணைச் சுத்தம் செய்து, எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தாங்க. அன்று சாயங்காலம் அப்பா டீ கேட்டார். ஸ்பூனில் நாலு வாய். சர்க்கரை பத்தலை என்றார், அம்மா திட்டினாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். வியாழன் விடிவதற்கு முன்னால் அம்மாவின் கையைப் பிடித்தபடியே போனார்.

ஐசியூவில் வைத்திருந்தால் வெள்ளிக்கிழமை வரை மூச்சு இருந்திருக்கலாம். நீ பார்த்திருக்கலாம். குழாயோடு, கட்டின கையோடு. ஆனாலும் நீ பார்த்திருக்கலாம். லீவுக்கு நீ எத்தனை பேர் காலில் விழுந்தாய் என்று மதினி பிறகு சொன்னாங்க.

திங்கட்கிழமை நோட்டரியிடம் போகிறோம். நீ உடனே வர வேண்டியதில்லை, பெயர் போட உன் சம்மதம் மட்டும் போதும் என்கிறாள் அம்மா. முதல் வரியை இன்னும் காலியாக விட்டிருக்கிறேன். உன் பெயரை எழுதட்டுமா?