கோட்டின் ஓரத்தில் ஒரு பொறி

பெரியகுளம்
பிப்ரவரி 9

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் ஆபரேஷனுக்கு அப்புறம் பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் மனது லேசாயிற்று. இங்கே எல்லோரும் நலம். மல்லிகாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தோப்பில் மா பூத்திருக்கிற பூவுக்கு இலையே தெரியவில்லை.

பதில் தாமதமானதற்குக் காரணம் சூரியன்தான்.

ரிட்டயர் ஆன பணத்தில் வாங்கிய 4 அங்குலத் தொலைநோக்கி உனக்குத் தெரியும். இப்போது ஹைட்ரஜன் ஆல்ஃபா வடிகட்டியும் சேர்ந்திருக்கிறது; சூரிய நிறமாலையில் ஹைட்ரஜன் போடும் சிவப்புக் கோட்டின் ஒளியை மட்டும் அது உள்ளே விடும். மொட்டை மாடியில் வைத்தால் எட்டு மணிக்கெல்லாம் தளம் சூடேறி, ஓடைத் தண்ணீருக்கு அடியில் கிடக்கிற காசு மாதிரி படம் நெளியும். அதனால் ஒரு மாதமாகத் தோப்புக்குள், தண்ணீர் பாய்ச்சிய ஈர மண்மேல் வைத்துப் பார்க்கிறேன். காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை படம் நன்றாக நிற்கிறது.

போன வியாழக்கிழமை ஒரு கரும்புள்ளிக் கூட்டம். இரண்டு நாள் முன்னால் அது இல்லவே இல்லை. வடிகட்டியை 6563 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், அந்தக் கோட்டின் நடுவில் வைத்தால் தெரிவது நிறமண்டலம், அதாவது நாம் காணும் பரப்புக்கு மேலே உள்ள வாயு அடுக்கு. புள்ளிகளைச் சுற்றித் தேங்காய் நாரைச் சீப்பால் வாரிவிட்ட மாதிரி இழை இழையாக ஓடுகிறது. குமிழை மெல்லத் திருகி, கோட்டின் ஓரத்துக்கு, ஒரு ஆங்ஸ்ட்ராமுக்குக் கொஞ்சம் குறைவாக நகர்த்தினேன். இழைகள் கலைந்து அடித்தளம் தெரிந்தது. அங்கே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கடுகளவு வெளிச்சம். பொறி மாதிரி மங்கியும் பளிச்சிட்டும் ஐந்து நிமிஷம் இருந்தது. நடுவில் ஒருமுறை கோட்டின் மையத்துக்குத் திரும்பிப் பார்த்தேன்; அந்த இடத்தில் வெறும் இழைகள்தான். மறுபடி ஓரத்துக்கு வந்தேன், பொறி அங்கேயே இருந்தது. அப்புறம் அணைந்துவிட்டது. எனக்குக் கை நடுங்கியது, சுந்தரம். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு நிறமாலை பாடம் எடுத்தவன் நான். கோட்டின் மையமும் ஓரமும் வேறு வேறு உயரத்தைக் காட்டும் என்று கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! கண்ணால் கண்டது அன்றைக்குத்தான்.

இதற்கு எல்லர்மன் குண்டு என்று பெயர். அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் இருந்த ஃபெர்டினாண்ட் எல்லர்மன் 1917-இல் இதை விவரித்து, ‘சூரிய ஹைட்ரஜன் குண்டுகள்’ என்று எழுதினார். பூமியில் ஹைட்ரஜன் குண்டு வெடிக்க இன்னும் 35 வருஷம் இருந்தது. சூரியனில் நடப்பது அணுக்கரு வெடிப்பு இல்லை. உள்ளிருந்து புதிதாக மேலே வரும் காந்தப் புலத்தில், எதிரெதிர்த் திசையில் ஓடும் காந்தக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்கி, அறுந்து, வேறுவிதமாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அந்த நேரத்தில் விடுபடும் ஆற்றல் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்குகிறது. இது நடப்பது தாழ்வில், நாம் காணும் பரப்பான ஒளிமண்டலத்தின் மேல்பகுதியில். அதற்கு மேலே நிறமண்டல இழைகள் பந்தல் போட்டிருப்பதால்தான் மையத்தில் வைத்துப் பார்த்தால் மறைந்துவிடுகிறது.

நான் கண்ட கடுகின் நிஜ அளவு சில நூறு கிலோமீட்டர். என் கருவிக்கு அது வெறும் புள்ளிதான். லா பால்மா தீவில் உள்ள 1 மீட்டர் சுவீடன் தொலைநோக்கி அதையே தீச்சுடர் மாதிரி நிமிர்ந்து நிற்பதாகக் காட்டுகிறது. கரும்புள்ளியே இல்லாத அமைதியான பரப்பிலும் சின்னச் சின்ன எல்லர்மன் குண்டுகள் இருப்பதை அதில்தான் கண்டார்கள். 2020-இல் ஹைட்ரஜனின் இன்னொரு கோடான பீட்டாவில் எண்ணிப் பார்த்து, எந்த நேரத்திலும் சூரியன் முழுக்கச் சுமார் 5 லட்சம் இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அமைதியான பரப்பு என்று நான் பாடம் நடத்திய இடத்தில் 5 லட்சம் பொறிகள்!

சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் பத்து லட்சம் டிகிரிச் சூட்டுக்கு இதுதான் காரணமா என்று கேட்பாய். இல்லை, இவை மிகத் தாழ்வில் இருக்கின்றன. ஆனால் ஐரிஸ் விண்கலம் 2014-இல், குளிர்ந்த அடிமட்டத்தின் நடுவிலேயே ஒரு லட்சம் டிகிரியை ஒட்டிய வாயுப் பொட்டலங்களைக் கண்டது. மேலே கொரோனாவின் அடியில், 2020-இல் சோலார் ஆர்பிட்டர் விண்கலம் குட்டிக் குட்டி வெளிச்சங்களைப் படமெடுத்தது. அவற்றுக்கு ‘கேம்ப்ஃபயர்’, அதாவது முகாமில் மூட்டும் தீ, என்றே பெயர் வைத்தார்கள். காந்தக் கோடுகள் அறுந்து இணையும் வேலை மேலும் கீழும் நடக்கிறது. பெரிய வெடிப்பைவிட இந்தச் சின்னவற்றில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தோப்பிலிருந்து நிமிர்ந்தால் கொடைக்கானல் மலை. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற வானியலாளர் அங்கே உள்ள சூரிய ஆய்வகத்தில்தான் கரும்புள்ளியின் ஓரத்தில் நிறமாலைக் கோடு லேசாகச் சாய்ந்திருப்பதைக் கவனித்தார். நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர் வேகத்தில் வாயு புள்ளியிலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது என்று அந்தச் சாய்வு சொல்லிக்கொடுத்தது. அவரும் கோட்டைத்தான் பார்த்தார். குமிழைத் திருகும்போதெல்லாம் அவர் நினைவு வருகிறது.

ஒரு முக்கியமான விஷயம். பேரன் பைனாகுலரில் சூரியனைப் பார்க்க ஆசைப்படுகிறான் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அதைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டு. வடிகட்டி இல்லாமல் ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம் எதுவும் உதவாது. பரீட்சை முடிந்ததும் அவனை இங்கே கூட்டிக்கொண்டு வா, நானே காட்டுகிறேன். முந்தின நாள் ராத்திரியே வந்துவிடுங்கள். ஏழு மணிக்குள் தோப்பில் இருக்க வேண்டும். உனக்கு உட்கார வசதியாக நாற்காலி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
ராமு