‘தலைவி’ படக்குழுவினருக்கு: தொடங்க வேண்டிய இடத்தில் முடித்துவிட்டீர்கள்

‘தலைவி’ படக்குழுவினருக்கு வணக்கம்.

2021 செப்டம்பரில், பாதி இருக்கைகளுக்கு மட்டுமே அனுமதி இருந்த நாட்களில், முகக்கவசத்தோடு உட்கார்ந்து, ஜெயலலிதாவின் வாழ்க்கையைச் சொல்லும் உங்கள் படத்தைப் பார்த்தேன். அன்று அவசரப்பட்டுக் குறை கண்டுவிட்டேனோ என்ற சந்தேகத்தில் அண்மையில் மறுபடியும் பார்த்தேன். அவசரம் என்னுடையதல்ல.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரவிந்த் சாமி எம்.ஜி.ஆரைப் பகடியாக்காமல் நடித்திருந்தார்; அது எளிதல்ல. தொடக்கமும் சரியான இடம்தான்: 1989 மார்ச் 25, பட்ஜெட் நாள், சட்டமன்றத்தில் கைகலப்பு. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஒரு பெண் கலைந்த தலையும் சேலையுமாக வெளியே வருகிறார். இனி முதலமைச்சராகத்தான் இந்த அவைக்குள் வருவேன் என்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சாய்ந்தவன்தான். எம்.ஜி.ஆர். பேசுவாரா, பார்ப்பாரா, கோபம் தணிவாரா என்று காத்திருக்கும் காதல் கதையாகப் படம் மாறிவிட்டது. எம்.ஜி.ஆரோடு 28 படங்களில் நடித்தவரின் வாழ்க்கையில் அந்த உறவுக்கு இடமில்லை என்று யார் சொன்னார்கள்? ஆனால் 1982-இல் கட்சியில் சேர்ந்து, அடுத்த ஆண்டே கொள்கை பரப்புச் செயலாளர் ஆனவரை, கடைசிவரை ஓர் ஆண்மகனின் மாணவியாகவே வைத்துப் பார்த்தால் எப்படி? எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்தார். ராஜாஜி மண்டபத்தில் அவர் உடலருகே இரண்டு நாள் நின்ற ஜெயலலிதாவை, இறுதி ஊர்வல வண்டியிலிருந்து தள்ளிவிட்டார்கள். கட்சி பிளந்தது, இரட்டை இலை முடக்கப்பட்டது. அவர் சேவல் சின்னத்தில் நின்று 27 இடங்களை வென்றார். பிளந்த கட்சியை இணைத்து இலையையும் மீட்டார். தள்ளிவிட்டவர்கள் திரும்பி வந்து கைகட்டி நின்றதற்குள் பேரம் எத்தனை, தாவல் எத்தனை, கணக்குத் தீர்த்தல் எத்தனை! ஒரு முழுப் படத்துக்கான கதையை நீங்கள் ஓட்டமாகக் கடந்துவிட்டீர்கள்.

1991-இல் பதவியேற்பு. வணக்கம், முடிந்தது.

எனக்கு இரண்டு இருக்கை தள்ளி ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். கையில் மடித்த துணிப்பை. விளக்கு எரிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. “இடைவேளையா?” என்று என்னிடம் கேட்டார். படம் முடிந்துவிட்டதம்மா என்றேன். “இப்போதுதானே அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார்கள்” என்றார். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை.

அவர் நினைவில் இருப்பது அந்த நாற்காலிக்குப் பிந்தைய 25 ஆண்டுகள். தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்ததும், மகளிர் காவல் நிலையங்களைத் திறந்ததும், 69 சதவீத இட ஒதுக்கீட்டை அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏற்றியதும் அந்த முதல் ஆட்சி. மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கியவர், 1995-இல் வளர்ப்பு மகனுக்கு அப்படியொரு திருமணம் நடத்தியதும் அதே ஆட்சிதான். மறு ஆண்டே பர்கூரில் தன் தொகுதியையே இழந்தார். 2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களைச் சுமார் 1,70,000 பேர் என்ற கணக்கில் நீக்கியவரும் அவர். வீட்டுக்கு வீடு மழைநீர்த் தொட்டி வைக்க வைத்தவரும் அவர். எங்கள் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய் அந்தக் கெடுபிடியில் வைத்தது. அன்று திட்டிக்கொண்டே வைத்த என் தந்தை, கிணற்றில் தண்ணீர் ஏறியதும் திட்டுவதை நிறுத்தினார், பாராட்டத்தான் மனம் வரவில்லை. ஒரு ரூபாய் இட்லியும் பெங்களூரு சிறையும் அப்போலோவின் 75 நாட்களும் இன்னும் மிச்சம். வாழ்த்தவும் வையவும் இவ்வளவு இருக்க, இரண்டையும் தவிர்க்கத்தான் 1991-இல் நிறுத்தினீர்களோ?

அந்த ஐயத்தை வலுப்படுத்துபவை பெயர்கள். எம்.ஜி.ஆர். உங்கள் படத்தில் எம்.ஜே.ஆர்.; கருணாநிதி வெறும் கருணா. தமிழ்நாட்டில் இந்த மாறுவேடத்தால் ஏமாறுகிறவர் பிறக்கவே இல்லை. படத்துக்கு எதிராக வழக்கு வந்தது உண்மை. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்ததும் உண்மை. நீதிமன்றமே தடுக்காதபோது யாருக்குப் பயந்து ஓர் எழுத்தை மாற்றினீர்கள்?

1991 ஜூன் 24 அன்று பதவியேற்று, அன்று மாலை கோட்டையில் தன் அறைக்குள் முதன்முறை நுழையும் இடத்திலிருந்து ஒரு படம் எடுங்கள். கோப்புகளைக் காட்டுங்கள், வெளியே அமைச்சர்கள் காத்து நிற்பதைக் காட்டுங்கள், அவர் செய்த தவறுகளையும் காட்டுங்கள். பெயர்களை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
இரண்டு முறை டிக்கெட் எடுக்கத் தயாராக இருக்கும் ஒரு ரசிகன்